வாய் பேசாத மூளையும் வாய் ஓயாத வயிறும்

ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ரத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். விபத்து, வெட்டுக்காயம், முறிந்த எலும்பு. எனக்கு அவையெல்லாம் ஒரு வகையில் நிம்மதியான அழைப்புகள். அடி எங்கே என்று தெரியும், என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். அழுத்திப் பிடி, கட்டு, தூக்கு, கிளம்பு. இத்தனை வருடம் ஆன பிறகும் என்னை நிமிர்ந்து உட்கார வைப்பவை வேறு இரண்டு. "ஆள் ஒரு மாதிரியா இருக்காருங்க" என்பது ஒன்று. "வயித்து வலியாம்" என்பது இன்னொன்று.

கேட்பதற்கு இரண்டுமே ஒன்றுபோல மூட்டமான புகார்கள். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய திறமை நேர் எதிரானது என்பது என் கட்சி. மூளையில் கோளாறு என்றால் நோயாளியால் சொல்ல முடியாது. சில சமயம் அவருக்கே தெரியாது. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு வந்தவர், இடது கையைத் தூக்க முடியாமல் கிடந்துகொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, நீங்க கிளம்புங்க" என்று தெளிவாகச் சொல்வார். அது பொய் இல்லை. அந்தக் கை செயலிழந்ததை அறியும் பகுதியும் சேர்ந்தே அடிபட்டிருக்கிறது. ஆனால் சாட்சி வெளியிலேயே இருக்கிறது: முகத்தில், கையில், கண்பாவையில். வயிறு இதற்குத் தலைகீழ். நோயாளி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், சொல்லிக்கொண்டே இருப்பார். நம் கைக்கும் கண்ணுக்கும்தான் ஒன்றும் அகப்படாது. அதனால் அங்கே பார்க்க வேண்டும், இங்கே கேட்க வேண்டும். இதை மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். பக்கவாத நோயாளியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். வயிற்று வலிக்காரரைப் பேசவிடாமல் வயிற்றை அமுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அது வசதியான பெயர். "குடிச்சிருக்கார்" என்பது மூளைக்கு நாம் வைக்கும் வசதியான பெயர். "கேஸ் டிரபிள்" என்பது வயிற்றுக்கு. பெயர் வைத்த நொடியில் பரிசோதனை நின்றுவிடும். குடித்தவருக்கும் தலையில் ரத்தம் கசியும். சொல்லப்போனால் தடுக்கி விழும் வாய்ப்பு அவருக்குத்தான் அதிகம். மது வாடை வந்தால் நான் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பார்க்கிறேன்.

மூளையிலிருந்து தொடங்குகிறேன். உணர்வு மங்கியவர், குழறுகிறவர், ஒரு பக்கம் செயலிழந்தவர் யாராக இருந்தாலும் மூச்சும் துடிப்பும் பார்த்த கையோடு சர்க்கரை பார்த்துவிட வேண்டும். டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மனிதன் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்வான். சண்டை போடுவான், உளறுவான், வலிப்பு வரும். அசல் பக்கவாதம் போலவே ஒரு கையும் காலும் விழுந்துவிடுவதும் உண்டு. குளுக்கோஸ் ஏறியதும் கை தானாக எழும். விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் 'ஸ்ட்ரோக்' என்று மருத்துவமனைக்குச் செய்தி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

சர்க்கரை சரியாக இருந்தால் முகம், கை, பேச்சு. 1997-இல் வெளிவந்த சின்சினாட்டி அளவுகோல் இந்த மூன்றைத்தான் கேட்கிறது. புதிதாகத் தோன்றிய கோளாறு மூன்றில் ஒன்றில் இருந்தாலே பக்கவாதமாக இருக்க ஏறக்குறைய 72 சதவீத வாய்ப்பு என்று அதைச் சொல்லிக்கொடுக்கிறோம். கருவி எதுவும் வேண்டாம் என்பதாலேயே இதை அலட்சியமாகச் செய்கிறார்கள். கையை நீட்டச் சொல்லும்போது கண்ணை மூடியிருக்க வேண்டும், உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், 10 விநாடி காத்திருக்க வேண்டும். கண் திறந்திருந்தால் இறங்கும் கையை அவரே பார்த்துத் தூக்கிக்கொள்வார். பேச்சைச் சோதிக்கப் பெயர் கேட்பது பயனில்லை. பேச்சு குலைந்தவர்கூடத் தன் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுவார். ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். பயந்து கிடப்பவரிடம் "சிரிங்க" என்று சொல்வதும் வேண்டாம். "பல்லைக் காட்டுங்க" என்றால் போதும், வாயின் கோணல் தெரிந்துவிடும். நெற்றியும் சேர்ந்து சுருங்காவிட்டால் அது முகநரம்பு வாதமாக இருக்கலாம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அதை வைத்து ஒருவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் தைரியம் எனக்கு இல்லை.

இந்த மூன்று சோதனையிலும் தப்பிவிடும் பக்கவாதம் ஒன்று இருக்கிறது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் வருவது. முகம் நேராக இருக்கும், கை கீழே இறங்காது, பேச்சும் பெரும்பாலும் தெளிவு. தலைசுற்றல், வாந்தி, இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம் மட்டும்தான். பித்தம் என்றோ காதுக்கோளாறு என்றோ எளிதாக ஒதுக்கிவிடலாம். சமநிலையையும் பார்வையையும் சேர்த்துப் பார்க்கும் விரிவான பட்டியல்கள் பிறகு வந்தது இதனால்தான். என் வழக்கம் எளிது: படுத்திருப்பவரை விளிம்பில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் இருக்கச் சொல்வேன். கை கால் வலுவாக இருந்தும் நிமிர்ந்து உட்கார முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தத் தலைசுற்றலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது நேரம். "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டால் குடும்பத்தார் தாங்கள் பார்த்த நேரத்தைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அது அல்ல. அவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது, அதைப் பார்த்தது யார் என்பதுதான். காலை ஆறு மணிக்குக் கோணிய வாயோடு எழுந்தவருக்குக் கணக்கு ஆறு மணியிலிருந்து தொடங்காது. இரவு படுக்கப் போன நேரத்திலிருந்து தொடங்கும். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தாரா, அப்போது பேசினாரா, யாருக்காவது செல்போனில் செய்தி அனுப்பினாரா? இந்த ஒரு விசாரணையில் சில மணி நேரம் மீட்கப்படலாம். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கான வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். பெரிய குழாயில் அடைப்பு என்றால், ஸ்கேனில் தகுதி பெறுகிறவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கம்பி நுழைத்து எடுக்கிறார்கள்; 2018-இல் வந்த ஆய்வுகள் திறந்த கதவு அது. எல்லை நீண்டுவிட்டது என்பதற்காக மெதுவாகப் போகலாம் என்று பொருளில்லை. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வந்தது.

இந்த இடத்தில் செய்யக் கூடாத ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் ரத்த அழுத்தம் எகிறும். 200-ஐப் பார்த்ததும் குடும்பத்தார் பதறுவார்கள், நமக்கும் கை துறுதுறுக்கும். சீனாவில் ஆம்புலன்ஸிலேயே அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2024-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் பலன் பூஜ்யம். உள்ளே பிரித்துப் பார்த்தால் கதை வேறு: மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களுக்கு நல்லது நடந்திருந்தது, அடைப்பு வந்தவர்களுக்குக் கெடுதல் நடந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. அடைப்பில், அந்த உயர்ந்த அழுத்தத்தின் தயவில்தான் சுற்றுவழியாகக் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் குறைத்தால் மிச்சமும் போய்விடும். எது கசிவு, எது அடைப்பு என்று வெளியிலிருந்து சொல்ல எந்த வழியும் இல்லை, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். அதற்காகவே ஸ்கேன் கருவியை வண்டிக்குள் ஏற்றிப் பார்த்தார்கள் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில், 2008-இல். அப்படிப்பட்ட வண்டி நம்மிடம் இல்லாதவரை அழுத்தத்தை அளந்து எழுதிவைப்போம். மாத்திரையை நாக்குக்கடியில் வைக்க வேண்டாம். ஆஸ்பிரினும் வேண்டாம், கசிவா அடைப்பா என்று தெரியாது என்பதுதான் காரணம். ஆக்சிஜன்கூட, ரத்தத்தில் அதன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால்தான்.

உணர்வு நிலையை அளக்க கிளாஸ்கோ அளவுகோல். டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் 1974-இல் வெளியிட்டது. முழு மதிப்பெண் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு: கூட்டுத்தொகையை மட்டும் சொல்லாதீர்கள். "ஒன்பது" என்றால் மருத்துவருக்கு என்ன தெரியும்? கண் 2, பேச்சு 2, அசைவு 5 என்பவரும் ஒன்பதுதான். கண் 4, பேச்சு 1, அசைவு 4 என்பவரும் ஒன்பதுதான். இரண்டு பேரும் ஒரே நோயாளி இல்லை. மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள், நேரத்தோடு சொல்லுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பது பெரிய செய்தி. 'அரை மயக்கம்' என்று எழுதப்பட்ட தாளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

தலையில் அடிபட்டவருக்கு அழுத்தம் 190, துடிப்பு 50 என்று வந்தால் "பல்ஸ் நல்லா நிதானமா இருக்கு" என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது நிதானம் இல்லை. மண்டைக்குள் நெருக்கடி முற்றும்போது அழுத்தம் ஏறும், துடிப்பு குறையும், மூச்சு தாறுமாறாகும். ரத்தம் இழந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போதாத 'அதிர்ச்சி' (ஷாக்) நிலைக்குப் போகிறவரின் எண்களுக்கு அப்படியே எதிர். ஒரு கண்பாவை விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றால் அந்த நெருக்கடியில் மூளை இடம்விட்டு நகரத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த நேரத்தில் மூச்சு கொடுக்கும் ரப்பர் பையை அழுத்தும் கை பதற்றத்தில் தானாக வேகம் பிடிக்கும். வேகமாக ஊதினால் கரியமில வாயு இறங்கும், மூளையின் குழாய்கள் சுருங்கும், ஏற்கெனவே தவிக்கும் மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும். நகர்வின் அறிகுறி தெளிவாக இல்லாதவரை, பெரியவருக்கு நிமிடத்துக்கு பத்து மூச்சு. அதற்கு மேல் வேண்டாம். கூட இருப்பவர் சத்தமாக எண்ணட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கும் முதியவர் லேசாக இடித்துக்கொண்டு, பல நாள் கழித்துக் குழம்பிப்போனாலும் அது தலைக்காயம்தான். "அது போன வாரம்" என்று வீட்டார் சொல்வதால் ஆறிவிடாது.

வலிப்புக்கு வருகிறேன். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது இடையில் நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால், அது தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. எனக்கு மிகவும் பிடித்தது. வலிப்பை நிறுத்தத் தசையில் போடும் மிடசோலம் மருந்தா, நரம்பில் ஏற்றும் லோராசிபம் மருந்தா என்று ஆம்புலன்ஸிலேயே ஒப்பிட்டார்கள். மருந்து உள்ளே போன பிறகு வேகமாக வேலை செய்தது நரம்பில் ஏற்றியதுதான். ஆனாலும் மருத்துவமனை வாசலில் வலிப்பு நின்றிருந்தவர்கள் தசை ஊசிக் கூட்டத்தில் நூற்றுக்கு 73 பேர், மற்றதில் 63 பேர். துடிக்கிற கையில் நரம்பு தேடிய நிமிடங்கள் அந்த மருந்தின் வேகத்தைத் தின்றுவிட்டன. வாய்க்குள் கரண்டி, துணி எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணிக்கோ சில வாரங்களுக்கு முன் பிரசவமானவருக்கோ வலிப்பு என்றால் வேறு கணக்கு. அங்கே மக்னீசியம் சல்பேட். இன்னொன்று: இதயம் நின்றுபோன முதல் சில விநாடிகளில் உடல் உதறும். பார்ப்பவர் அதை "ஃபிட்ஸ்" என்றுதான் போனில் சொல்வார். உதறல் நின்றதும் முதலில் மூச்சைப் பாருங்கள்.

தலைவலியில் ஒரே ஒரு கேள்வி. "எவ்வளவு வலிக்குது?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் பத்துக்குப் பத்து என்பார்கள். "ஆரம்பிச்சதுக்கும் உச்சத்துக்குப் போனதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் என்றால், மூளையின் மேற்பரப்பில் ரத்தக்கசிவு இல்லை என்று மருத்துவமனை நிரூபிக்கும்வரை அது அதுதான்.

இனி வயிறு. இங்கே முதலில் நம் கையின் வரம்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் குடல் சத்தம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் சத்தம்தான் கேட்கும். தொடுவதற்கு முன்னால் அவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். உருண்டு புரண்டு, ஒரு நிலையில் இருக்க முடியாமல் தவிப்பவருக்குப் பெரும்பாலும் குழாய் ஒன்று அடைபட்டு முறுக்குகிறது: சிறுநீரகக் கல், பித்தக் கல் போன்றவை. முழங்காலை மடக்கிக்கொண்டு மூச்சைக்கூட மேலோட்டமாக விட்டு அசையாமல் கிடப்பவருக்கு வயிற்றின் உள்உறை வெந்துகொண்டிருக்கிறது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அதில் அதிகம் தெரியும்.

உறுப்புகளிலிருந்து வரும் நரம்பு முகவரியே எழுதாத தபால் மாதிரி. எங்கேயோ நடுவில் வலிக்கிறது என்று மட்டும் மூளைக்குப் போய்ச்சேரும். குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றித் தொடங்குவது அதனால்தான். அழற்சி உள்உறையைத் தொட்ட பிறகே வலி வலது கீழ்ப்பக்கத்துக்கு இறங்கி, மெக்பர்னி 1889-இல் சுட்டிய இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி ஆகிறது. எனவே வலி எங்கே இருக்கிறது என்பதோடு எங்கே இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். வாந்தி முதலா, வலி முதலா? படுத்தால் தோள்பட்டை நுனியில் வலிக்கிறதா? அடிபடாத தோள் வலித்தால் உதரவிதானத்துக்கு அடியில் ரத்தம் தேங்கியிருக்கலாம். கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு அந்த வலியைத் தோளில் கொண்டுபோய்ப் போடுகிறது. சிதைந்த கருக்குழாயிலும் கிழிந்த மண்ணீரலிலும் இதைக் கேட்டிருக்கிறேன். திடீரென்று "வலி போயிடுச்சு" என்று சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். வீங்கிய குடல்வால் வெடித்த பிறகும் சற்று நேரம் அப்படித்தான் இருக்கும்.

அறுபது தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சிறுநீரகக் கல் வலி வந்தால், நான் கல்லை நம்புவதில்லை. பெருந்தமனி வீங்கி வெடிப்பது இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலியாக, அச்சாகக் கல்வலி போலவே வரும். வயிற்று வலி, அழுத்தம் சரிவது, துடிக்கும் கட்டி என்று மூன்றையும் பாடம் சொல்கிறது. மூன்றும் சேர்ந்து வருவது பாதிப் பேருக்குக்கூட இல்லை. வலி வந்தபோது ஒரு கணம் மயங்கி விழுந்தாரா என்று கேளுங்கள். அந்த ஒரு "ஆமாம்" எனக்குப் போதும். நேராக அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு. வழியில் சலைனை ஊற்றி அழுத்தத்தை 120-க்குக் கொண்டுவர முயல வேண்டாம். பேசுகிறார், மணிக்கட்டில் துடிப்பு இருக்கிறது என்றால் அது போதும். அழுத்தத்தை ஏற்றினால், கசிவை அடைத்து உறைந்து நிற்கும் ரத்தக்கட்டி பிய்த்துக்கொள்ளும், மிச்சமுள்ள ரத்தமும் நீர்த்துப்போகும்.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு அடிவயிற்று வலியோ காரணமில்லாத மயக்கமோ வந்தால், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போயிற்றா என்பதைக் கூட்டத்தின் நடுவில் கேட்டால் உண்மை வராது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். "வாய்ப்பே இல்லை" என்ற பதிலையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இளம் உடல் ரத்த இழப்பை வெகுநேரம் மறைக்கும். மொத்த ரத்தத்தில் சுமார் 30 சதவீதம் போகும்வரை மேல் அழுத்தம் பெரும்பாலும் விழாது. அதற்கு முன்பே இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகும்: 106/88 என்பது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நன்றாக இல்லை. துடிப்பு ஏறியே ஆக வேண்டும் என்றும் இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் நிறையும்போது துடிப்பு வழக்கம்போல, சில நேரம் மெதுவாகவே இருப்பதுண்டு. வெளிறிய நிறத்தையும் குளிர்ந்த வியர்வையையும் மானிட்டரைவிட நம்புகிறேன்.

மேல்வயிற்று எரிச்சலுக்கு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதயத்தின் அடிப்பகுதி மாரடைப்பு ஏப்பத்தோடும் வாந்தியோடும் வரும். சர்க்கரை நோயாளிகளிடமும் முதியவர்களிடமும் நெஞ்சுவலியே இல்லாமல் வரும்.

முதியவர்களின் வயிறு ஒரு தனிப் பாடம். குடலில் ஓட்டை விழுந்தும் வயிறு மென்மையாக இருக்கும், காய்ச்சல் இருக்காது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அதிர்ச்சியிலும் துடிப்பு 70-ஐத் தாண்டாமல் இருக்கலாம். ஒழுங்கில்லாத நாடித் துடிப்போடு ஒரு பாட்டி வலியில் அலறுகிறார், வயிறோ அமுக்கினால் பஞ்சாக இருக்கிறது என்றால், "நடிக்கிறாங்க" என்று யாராவது முணுமுணுப்பதற்கு முன் குடலுக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். கையில் தென்படுவதற்கும் அவர் சொல்வதற்கும் பொருந்தவில்லை என்பதே அங்கே அறிகுறி.

பையன்கள் அடிவயிறு என்று சொல்வார்கள், விதை முறுக்கிக்கொண்டதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆறு மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் காப்பாற்றுவது கடினம். கேட்டுவிட வேண்டும். வாந்தியும் வயிற்று வலியுமாக ஆழமாக மூச்சு வாங்கும் பிள்ளைக்கு மறுபடியும் அந்த விரல்குத்து. சர்க்கரை 400-க்கு மேல் நின்றுகொண்டிருக்கலாம்.

வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும், அறுவை மருத்துவர் கோபிப்பார் என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஸ்கேன் இல்லாத காலத்தில், கையை மட்டும் நம்பிய காலத்தில் பிறந்த பயம் அது. பின்னாளில் வந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், வலிநிவாரணி கொடுத்ததால் நோய் கண்டறிவது கெடவில்லை. விதிமுறை அனுமதித்தால் கொடுங்கள். வலி தணிந்தவர் கதையையும் ஒழுங்காகச் சொல்வார். முழங்காலை மடக்கிப் படுத்திருப்பவரைக் கட்டாயமாக நீட்டிப் படுக்க வைக்காதீர்கள். வாய்வழியாக எதுவும் வேண்டாம். ரத்த வாந்திக்கு, ரத்தக்கசிவை நிறுத்தக் கொடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் உதவும் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்தோம். 2020-இல் வந்த பெரிய ஆய்வு உதவவில்லை என்று காட்டிவிட்டது.

மூளையும் வயிறும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: பெருந்தமனியின் சுவர் உள்ளுக்குள் கிழிவது. கிழிசல் மேலே போனால் பக்கவாதம், கீழே போனால் வயிற்று வலி, கால் மரத்துப்போவது. கை கால் விழுந்தவர் முதுகோ நெஞ்சோ கிழிவது போல வலித்தது என்று சொன்னால் இரண்டு கையிலும் அழுத்தம் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் உரக்கச் சொல்லுங்கள். அடைப்பு கரைக்கும் மருந்து அவருக்கு எமன்.

மருத்துவமனைக்கு முன்கூட்டியே அழைத்துச் சொல்வது அரை நிமிடத்தில் முடிய வேண்டும். மூளை என்றால்: கடைசியாக நன்றாக இருந்த நேரம், எந்தப் பக்கம், சர்க்கரை, மூன்றாகப் பிரித்த கிளாஸ்கோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா. வயிறு என்றால்: வயது, வலி எப்படித் தொடங்கி எங்கே நகர்ந்தது, மயங்கினாரா, அழுத்தமும் துடிப்பும் முதலில் எவ்வளவு, இப்போது எவ்வளவு. நோயின் பெயர் தெரியாவிட்டால் சொல்ல வேண்டாம். கடைசியாக ஒன்று, இதை எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை: நேரில் பார்த்தவர் வண்டியில் ஏறாவிட்டால் அவர் செல்போன் எண்ணை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் கழித்து நரம்பியல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அவரிடம்தான் இருக்கும்.